தேயிலைத் தொழிலுக்கு நுண்ணொளி உணரி வேண்டாததா?

மிகச் சிறிதளவு ஒளியையும் மின்சாரமாக மாற்றிக் காட்டவல்ல குறைகடத்தி உணரிகள் தொலைநோக்கிகளுக்கும் துகள் இயற்பியல் ஆய்வகங்களுக்குமே உரியவை என்றும், ஒளிக்குப் பஞ்சமில்லாத தேயிலைத் தொழிலுக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்றும் ஒரு கருத்து பரவலாக நிலவுகிறது. 1925 இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இயங்கிவரும் தலவாக்கலையின் தேவைகளோடு வைத்துப் பார்த்தால் இக்கருத்து நிலைபெறாது.

ஒளி நிறைந்த இடத்தில் உணர்திறன் எதற்கு என்பது அதன் முதல் வாதம். தேயிலைத் தூளிலிருந்து காம்பையும் நாரையும் பிரிக்கும் கலர் சோர்ட்டரில், வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் விழும் துணிக்கை ஒரு மில்லிமீற்றரைக் கடக்க அரை மில்லிசெக்கனே எடுக்கும். விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், கரிய தூளில் பட்டு அந்த நொடித்துளிக்குள் உணரியை வந்தடையும் ஒளி சொற்பமே. ஆகவே இங்குள்ள தட்டுப்பாடு இருளால் வருவதன்று, அவகாசமின்மையால் வருவது.

சாதாரண சிலிக்கனே போதும் என்ற இரண்டாவது வாதம் இன்னும் பலவீனமானது. உலர்த்திய தூளில் எஞ்சும் ஈரத்தைத் தொடாமலே அளக்க வேண்டுமாயின், நீர் வலுவாக உறிஞ்சும் 1,450 நனோமீற்றர் அலைநீளத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத இந்தச் செந்நிறக்கீழ் ஒளி சிலிக்கனுக்கும் புலப்படாது, ஏனெனில் ஏறத்தாழ 1,100 நனோமீற்றருக்கு அப்பால் அதன் இலத்திரன்களை விடுவிக்க ஒளித்துகளின் சக்தி போதாது. அங்கே உதவக்கூடிய மூலகங்களில் ஒன்று ஜேர்மானியம். மெருகிட்ட பரப்பு ஒளியின் பெரும்பங்கைத் தெறித்துவிடுவதும், பரப்பிலுள்ள குறைகள் பிறந்த இலத்திரன்களை விழுங்குவதும் அதன் நெடுநாள் குறைகளாக இருந்தன. பரப்பை நனோ அளவிலான ஊசிகளாகச் செதுக்கி, அதன்மீது மின்னேற்றம் தாங்கிய மென்படலத்தைப் பூசும் முறையைச் சிலிக்கனில் வளர்த்தெடுத்த பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினர், அவ்வழியை ஜேர்மானியத்துக்கும் நீட்டி, 1,200 முதல் 1,600 நனோமீற்றர் வரையான ஒளியில் 90 சதவீதத்துக்கு மேல் பயன்கொள்ளும் இருவாயியை 2025 இல் அறிவித்தனர். தேயிலை ஈரத்தின் அலைநீளம் இந்த எல்லைக்குள்ளேயே அடங்குவதால், இம்முன்னேற்றத்தை மலையகத்துக்கு அந்நியமானதென ஒதுக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மறுதரப்பில் ஒரு மெய் உண்டு. ஒற்றை ஒளித்துகளையும் எண்ணும் சரிவுப்பெருக்க இருவாயிகளில், அதாவது ஓர் இலத்திரன் பல இலட்சம் இலத்திரன்களைத் தட்டியெழுப்பும் அமைப்புகளில், ஒளியே இல்லாதபோதும் எழும் பொய்த்துடிப்புகள் ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் இரட்டிக்கும். உலர்த்தும் அடுப்பின் அருகே குளிரூட்டலின்றி அவற்றைப் பொருத்துவது வீண்.

ஆனால் அதைக் கொண்டு தோட்டத்துக்கே அவை உதவா என முடிவுகட்டுவது பிழை. பச்சையம் தான் உறிஞ்சிய ஒளியில் 1 முதல் 2 சதவீதத்தை மட்டும் சிவப்பாக மீள உமிழ்கிறது; புளோரொளிர்வு எனப்படும் இந்த மங்கிய உமிழ்வு, இலையின் ஒளித்தொகுப்பு நலிவுறும்போது மாறுகிறது. 1946 இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய் பனிமூட்டமும் ஈரமும் மிகுந்த காலத்திலேயே, அதாவது வெளிச்சம் குன்றிய நாட்களிலேயே, பரவுகிறது. அத்தகைய நாட்களில் இலையின் உமிழ்வை அளக்க முற்படுவோருக்கு உணர்திறன் மிக்க உணரி அடிப்படைத் தேவை. மலையின் குளிரோ பொய்த்துடிப்புகளையும் குறைத்துத் தருகிறது.