எகனாமிக்ஸுக்கு ஒரு வாத்தியார் வேணும்!

பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு எகனாமிக்ஸ் டியூஷன் வாத்தியார் தேடியிருக்கிறீர்களா? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது இதைவிடச் சுலபம். மாப்பிள்ளைக்காவது தரகர் இருக்கிறார்.

குரோம்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு மின்கம்பம். அதில் ஒயரைவிட அட்டைகள்தான் அதிகம். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, நீட், அபாகஸ், கீபோர்டு, ஹிந்தி, முப்பதே நாளில் ஆங்கிலம்... எட்டாவது படிக்கும் என் பையனுக்குக் கணக்கு டியூஷன் வேண்டும் என்றபோது, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுவதற்குள் மூன்று நம்பர் கிடைத்தது. எகனாமிக்ஸுக்கு? கம்பத்தை மூன்று தடவை பிரதட்சிணம் வந்தேன். ஊஹூம்!

பெண் பத்தாவதில் 500-க்கு 461 வாங்கியவள். அவளாகவே காமர்ஸ் குரூப்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் முதலில் பதறினார்கள். பிறகு, "ஓ, சி.ஏ.வா?" என்று அவர்களாகவே ஆறுதல் அடைந்தார்கள். "இல்லை சித்தப்பா, பி.ஏ. எகனாமிக்ஸ்" என்று அவள் சொன்னதும் சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... துக்கம் விசாரிக்க வந்தவர்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

வந்தது வினை ஆகஸ்ட் மாதத்தில். பள்ளியில் எகனாமிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட, அந்த வகுப்பு சரித்திர ஆசிரியர் தலையில் விழுந்தது. பாவம், நல்ல மனிதர். கெயின்ஸ் பிறந்தது 1883, அதே வருஷம்தான் கார்ல் மார்க்ஸ் இறந்தார் என்பதை அவ்வளவு சுவாரசியமாகச் சொன்னாராம். கெயின்ஸ் பிறந்து என்ன சொன்னார் என்பதற்குள் மணி அடித்துவிட்டதாம்.

காலாண்டுத் தேர்வில் 90-க்கு 38.

மார்க்கைவிட எனக்குப் பயத்தைக் கிளப்பியது அவள் கேட்ட ஒரு கேள்விதான். "அப்பா, கவர்மென்ட் 100 ரூபா செலவு பண்ணினா நாட்டோட வருமானம் 500 ரூபா ஏறும்னு போட்டிருக்கு. மல்டிப்ளையர் அஞ்சாம். மீதி நானூறு எங்கேர்ந்துப்பா வருது?"

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து எம்.பி.சி.யைக் கழித்து, அதனால் ஒன்றை வகுக்க வேண்டும். எம்.பி.சி. 0.8 என்றால் விடை 5. (அந்த எம்.பி.சி.க்குத் தமிழ்ப் புத்தகத்தில் 'இறுதிநிலை நுகர்வு விருப்பு' என்று பெயர். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.)

"அதான் ஃபார்முலா இருக்கேம்மா!" என்றேன், கம்பீரமாக.

"ஃபார்முலா சரிப்பா. ஏன் அஞ்சு?"

எனக்கு அவசரமாக மோட்டார் போட வேண்டிய வேலை வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் வேட்டை ஆரம்பம். முதலில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு டியூஷன் சென்டர். "அக்கவுன்டன்சி பேட்ச் இருக்கு சார். எகனாமிக்ஸுக்கு பத்து பேர் சேர்ந்தா ஆரம்பிப்போம். இப்போதைக்கு நோட்ஸ் ஃப்ரீயா தர்றோம், மனப்பாடம் பண்ணிட்டா போதும்." பத்து பேர் சேர்ந்தால் வாத்தியார் வருவார், வாத்தியார் வந்தால்தான் பத்து பேர் சேர்வார்கள். அளிப்பு தனக்கான தேவையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று ஜே.பி. சே என்கிற பிரெஞ்சுக்காரர் சொன்னதாகப் பெண்ணின் புத்தகத்தில் இருக்கிறது. அவர் குரோம்பேட்டைக்கு வந்ததில்லை போலும்.

இரண்டாவது, போனில் பிடித்த ஆன்லைன் வாத்தியார். மணிக்கு 1,200 ரூபாய். "ஐ.பி.யா, ஏ லெவலா சார்?" என்றார். "ஸ்டேட் போர்டு" என்றேன். "ஓ..." என்றார். அந்த ஓவில் எங்கள் பரம்பரையே அடங்கிவிட்டது.

மூன்றாவது ஆள் வீட்டுக்கே வந்தார். பி.காம். முடித்த இளைஞர், துடிப்பானவர். வந்ததும் வினாத்தாளைக் கூறு போட்டார். "ஒரு மார்க் 20, ரெண்டு மார்க் 7, மூணு மார்க் 7, அஞ்சு மார்க் 7. மொத்தம் 90. புக் பேக் கேள்வியை மட்டும் உருப்போட்டா 75 கேரன்டி சார்!" மாநகரப் பேருந்து கண்டக்டர் சில்லறை எண்ணுகிற வேகம். எனக்குப் பரம திருப்தி. பெண் மெதுவாகத் தன் கேள்வியை எடுத்தாள். அவர் ஒரு கணம் யோசித்தார்.

"அது புக் பேக்ல இல்லம்மா."

அன்றிரவு எகனாமிக்ஸ் புத்தகம் பரண்மேல் ஏறிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பி.காமே போட்டுடலாம்ப்பா. புரியாத சப்ஜெக்டை எடுத்துட்டு என்ன பண்றது? எனக்கு அவ்வளவுதான் மூளை" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மூன்று வயதிலிருந்து 'ஏன்? ஏன்?' என்று கேட்டு என் உயிரை வாங்கிய பெண். அவள் வாயால் இதைக் கேட்டதும், சாப்பிட்ட தோசை தொண்டைக்கே திரும்பி வந்தது.

மறுநாள் காலை இதைச் சகதர்மிணியிடம் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினார். "எகனாமிக்ஸா சார்? மூணாவது மாடி அம்மா அதான் சார் காலேஜுல நடத்திச்சாம், முப்பது வருசம். வீடு பூரா புக்கு. தூசி தட்டியே என் கை போச்சு."

எனக்கு அடிவயிற்றில் ஐஸ் கட்டி இறங்கியது. மூணாவது மாடி அம்மா என்றால்... 3-பி!

3-பியையும் என்னையும் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 2019-க்குப் போக வேண்டும். அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சென்னையே குடத்தோடு நின்றது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் எட்டு வீட்டுக் கட்டடத்துக்கு லாரித் தண்ணீர்தான் கதி. அசோசியேஷன் செகரெட்டரி அடியேன். லாரிச் செலவை எட்டால் வகுத்தேன். சுத்தமான கணக்கு! 3-பி மட்டும் எழுந்து நின்றார். தனியாக இருப்பவர். "எட்டால வகுத்தா, நான் ஒரு பக்கெட் மிச்சம் பிடிச்சா அதுல எட்டுல ஒரு பங்குதான் எனக்கு லாபம். மீதி ஏழு பங்கு மத்தவங்களுக்கு. அப்புறம் யார் குழாயை மூடுவாங்க? வீட்டுக்கு வீடு மீட்டர் வைங்க. இல்லேன்னா தலைக்கணக்காவது போடுங்க" என்றார்.

"மேடம், நீங்க கணக்குப் பேசறீங்க. நான் மனிதாபிமானம் பேசறேன்" என்றேன். கைதட்டல் கிடைத்தது. (கைதட்டியவர்களில் 2-ஏ வீட்டில் ஏழு பேர்.) அன்றிலிருந்து மாடிப்படியில் பார்த்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன்.

அந்த மூன்று மாடி ஏறுவதற்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் ஏறினேன். கையில் ஆப்பிள் பை வேறு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி.

"வாங்க செகரெட்டரி சார். தண்ணி வரலியா?"

விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெண்ணின் கேள்வி என்ன என்று கேட்டார். மீதி நானூறு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க பொண்ணா இதைக் கேட்டா?" அந்த 'உங்க'வில் ஓர் அழுத்தம் இருந்தது. வாங்கிக்கொண்டேன். "நாளைக்கு அஞ்சு மணிக்கு அனுப்புங்க."

"ஃபீஸ் எவ்வளவுன்னு..."

"பென்ஷன் வருது. ஃபீஸ் வேண்டாம். ஒரு தீர்மானம் வேணும். கொண்டுவருவீங்களா?"

பென்சிலை எடுத்தார். போன மே மாதத் தண்ணீர்ச் செலவு 15,600. எட்டால் வகுத்து வீட்டுக்கு 1,950 கட்டியிருக்கிறோம். "ஒரு வீட்டுக்கு மூணு பைப் இறங்குது, மீட்டர் வைக்க செலவாகும்னு பிளம்பர் சொல்றார். சரி, தலைக்கணக்கு. மொத்தம் 26 பேர். தலைக்கு 600. நான் 600. நீங்க அஞ்சு பேர், 3,000." பென்சிலை மூடி வைத்தார். "முன்மொழியறது நீங்கதான்."

மாசம் 1,050 ரூபாய் எனக்கு அதிகம். ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஃபீஸ் வாங்குகிற சாமர்த்தியம் முப்பது வருஷம் எகனாமிக்ஸ் எடுத்தவர்களுக்குத்தான் வரும்.

மறுநாள் ஆறரை மணிக்குப் பெண் மாடியிலிருந்து இறங்கவில்லை, குதித்தாள். "அப்பா, 100 ரூபா குடு! ஒரு டப்பா எடு!"

விதி இதுதான். யாருக்கு எவ்வளவு வருமானம் வந்தாலும் ஐந்தில் ஒரு பங்கை டப்பாவில் போட்டுவிட்டு மீதியைச் செலவு செய்ய வேண்டும். சும்மா கொடுக்கக் கூடாது, ஏதாவது வாங்க வேண்டும். பெண்ணின் வருமானம் 100. டப்பாவில் 20 போட்டுவிட்டு, என் பழைய பேனாவை 80-க்கு வாங்கிக்கொண்டாள். என் வருமானம் 80! நான் 16 போட்டுவிட்டு, மீதி 64-க்கு மனைவியிடம் ஒரு காபி வாங்கினேன். (சொந்த வீட்டில் 64 ரூபாய் கொடுத்துக் குடிக்கும்போது சர்க்கரை கம்மி என்று சொல்லத் தைரியம் வருகிறது.) அவள் 12 ரூபாய் 80 பைசா போட்டுவிட்டு, என் அம்மாவிடம் இரண்டு முறுக்கு வாங்கினாள், 51 ரூபாய் 20 பைசாவுக்கு. பைசாவுக்குப் புளியங்கொட்டை.

"பார்த்தியாப்பா? அதே நூறு ரூபா நோட்டுதான். ஆனா வருமானம் 100, 80, 64, 51.20... இப்படியே போய்ப் போய்க் கூட்டினா 500. எப்ப நிக்கும் தெரியுமா? டப்பாவுல மொத்தமா 100 ரூபா சேர்ந்ததும் நிக்கும். ஒவ்வொருத்தரும் அஞ்சுல ஒண்ணு போட்டா, 100 சேர 500 வருமானம் வரணும். அதான் அஞ்சு! பாட்டி, இப்ப நீ 10 ரூபா 24 பைசா டப்பாவுல போட்டுட்டு..."

அம்மா பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"பாட்டி, செலவு பண்ணணும்!"

"எதுக்குடி செலவு? நாளைக்கு ஒரு ஆபத்து சம்பத்துன்னா யார் குடுப்பா?"

பெண் கூட்டிப் பார்த்தாள். டப்பாவில் 20, 16, 12.80, சுருக்குப் பையில் 51.20. சரியாக நூறு. ஆட்டம் க்ளோஸ். மொத்த வருமானம் 295 ரூபாய் 20 பைசாவோடு தேசம் நின்றுவிட்டது.

"பாட்டியோட எம்.பி.சி. ஜீரோப்பா!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் அவளுக்கு. இந்த மல்டிப்ளையர் கணக்கை 1931-ல் எழுதி வெளியிட்ட ரிச்சர்ட் கானுக்கு அப்போது 26 வயதுகூட நிறையவில்லை, பிசிக்ஸ் படித்துவிட்டு எகனாமிக்ஸுக்கு வந்தவர், அதைத்தான் கெயின்ஸ் 1936-ல் தன் புத்தகத்தில் எடுத்துக்கொண்டார் என்று மேடம் சொன்னாராம். "சித்தப்பாகிட்ட சொல்லணும்ப்பா, பிசிக்ஸ்லேர்ந்தே ஆள் வந்திருக்காங்கன்னு."

ராத்திரி பரணைப் பார்த்தேன். புத்தகம் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் அசோசியேஷன் மீட்டிங். எட்டால் வகுத்த அதே வாயால் இருபத்தாறால் வகுக்க வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். 2-ஏ என்னை எட்டப்பனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கைக்குழந்தையும் தலையா சார்?" என்று கேட்டார். "பஸ்ல மாதிரி அரை டிக்கெட் போட்டுக்கலாம்" என்று 3-பி பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். ஐந்துக்கு மூன்றில் தீர்மானம் நிறைவேறியது. என் சம்சாரம் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. கைக்குழந்தைக்கு அரை டிக்கெட் என்றால் மற்றவர்கள் பங்கு இன்னும் ஏறுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை குழாயைத் திறந்துவிட்டபடி ஷேவ் செய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து குழாயை மூடியது.

"முன்னாடி மிச்சம் பிடிச்சா நமக்கு எட்டுல ஒண்ணுதான் லாபம்ப்பா. இப்ப அஞ்சுல கிட்டத்தட்ட ஒண்ணு."

முகம் முழுக்க நுரையோடு நான் மக்குக்காகத் துழாவிக்கொண்டிருந்தேன்.