ஒப்புரவுக்கு முன் பேச வேண்டியது

ஒரே இயேசுவைப் பாடும் இரண்டு சபைகள் ஒரே ஊரில் நிறத்தால் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பியர்டன் அவருடைய ஊர். 1967இல் டெட்ராய்ட் நகரம் இனக் கலவரத்தில் பற்றி எரிந்தது. மறு ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அந்த வேதனையில் பிறந்ததுதான் கறுப்பர் இறையியலுக்கு அடித்தளமிட்ட அவருடைய 1969ஆம் ஆண்டு நூல். கடவுள் ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நிற்கிறார் என்றால், அமெரிக்காவில் அவர் கறுப்பரின் பக்கமே நிற்கிறார் என்றார் கோன்.

2011இல் வெளிவந்த நூலில் அவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. சிலுவையைப் பற்றி நாள்தோறும் பிரசங்கித்தவர்களின் கண்ணில், கும்பல்கள் கறுப்பர்களைத் தூக்கிலிட்ட மரங்கள் ஏன் படவில்லை? தாம் பணியாற்றிய நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் முன்பு புகழுடன் விளங்கிய இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபரை நோக்கியும் அவர் இதைக் கேட்காமல் விடவில்லை.

இந்தப் பேச்சு சபையைப் பிளக்கும் என்று அஞ்சியவர்களும் உண்டு. அந்த அச்சத்தைத் தீய எண்ணம் என்று ஒதுக்கிவிட முடியாது. கறுப்பின இறையியலாளரான டியோடிஸ் ராபர்ட்ஸே, விடுதலையும் ஒப்புரவும் சேர்ந்தே நடக்க வேண்டும் என 1971இல் எழுதினார். கறுப்பினப் பெண்கள் வேறொரு குறையைச் சுட்டினார்கள்: தங்கள் அனுபவம் இந்த இறையியலில் விடுபட்டிருக்கிறது என்றார்கள். கோன் அதைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார். ஓர் அறிஞரின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ராபர்ட்ஸ் காட்டிய இலக்கு சரி. உண்மையை முதலில் பேச வேண்டும் என்ற கோனின் வரிசையும் சரி. அடிமை வைத்திருந்தோருக்கு ஆதரவாக 1845இல் தனியே பிரிந்த தென் பாப்டிஸ்ட் பேரவை, அதற்காக மன்னிப்புக் கேட்டது 1995இல்தான். தாமதம் பெரிது, ஆனாலும் அந்த வார்த்தை வராமல் அடுத்த அடி எடுத்து வைத்திருக்க முடியாது. கோன் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 2018 ஏப்ரல் 26 அன்று, அலபாமாவின் மாண்ட்கோமரியில் கும்பல் கொலைகளுக்கு ஆளானோரின் நினைவிடம் திறக்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஒன்றாக 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் அங்கே உள்ளன. கொலை நடந்த இடங்களுக்குப் போய் மண் எடுத்துச் சாடிகளில் சேர்க்கும் பணியில் உள்ளூர் மக்களே இறங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குனிந்து மண் அள்ளும்போது யாருடைய விசுவாசமும் குறைந்துபோவதில்லை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. 1980களில் அரவிந்த் நிர்மல் முன்னெடுத்த தலித் இறையியல் கறுப்பர் இறையியலிடமும் கற்றுக்கொண்டது. சென்னையின் குருகுல் இறையியல் கல்லூரி அதற்கு ஒரு களமானது. தமிழகத்தில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் சாதியால் பிரிந்தே இருக்கிறது. எங்கள் தலைமுறை கட்டிய சுவரா என்று கேட்பவர்களின் சங்கடம் புரிகிறது. அந்தச் சுவருக்கு அப்பால் தாயைப் புதைத்தவரின் வலியும் புரிய வேண்டும். ஆயரும் சபை மக்களும் இரு பக்கத்துக் குடும்பங்களும் ஒன்றாக உட்கார்ந்து, அந்தச் சுவர் எப்படி வந்தது என்பதை முதலில் பேசட்டும். பேசி முடித்தபின் அதை இடிக்கும் நாளையும் சேர்ந்தே குறிக்கட்டும்.