மெட்டைத் தொலைக்காதீங்க!



இந்தச் சுவர் இதழை நின்று படிக்கிற எல்லாருக்கும் ஒன்று தெரியும். நம்ம பள்ளியில் கவிதை எழுதுற கைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் இன்னொன்று யாரும் கவனிக்கலை. கவிதை எழுதுறவங்களில் பல பேர் அதை மெட்டோடதான் எழுதுறாங்க. எழுதி முடிச்ச உடனே பக்கத்து பெஞ்சுக்காரிக்கு மெதுவாப் பாடிக் காட்டுறாங்க. அவளும் தலையை ஆட்டிக் கேட்கிறாள். அப்புறம் அந்தக் கவிதை இந்தச் சுவருக்கு வருது. வரி மட்டும்தான் வருது. மெட்டு வருவதில்லை. தாளில் மெட்டை எப்படி ஒட்டுறது?

ஒரு வாரம் கழிச்சு அந்த எழுதினவளையே கூப்பிட்டு, "அதைப் பாடு" என்று கேட்டுப் பாருங்க. பல்லவி வரும். சரணம் பாதியில் நிற்கும். கடைசியில் ஏதாவது சினிமாப் பாட்டு மெட்டில் போய் விழும். இது அவள் தப்பு இல்லை. மெட்டு என்பது அப்படித்தான், காற்று மாதிரி. பிடிச்சு வைக்கலைன்னா போயிடும்.

அதனால் என் கருத்து இதுதான். நம்மில் பாட்டுக் கட்டத் தெரிஞ்ச ஒவ்வொருத்தரும் நம்ம பாட்டை, நம்ம குரலிலேயே, வீட்டில் இருக்கிற செல்போனிலேயே பதிவு செய்து வைக்க வேண்டும். அதற்கு ஸ்டூடியோ வேண்டாம், காசும் வேண்டாம். இந்த மாதிரி சும்மா பாடி வைக்கிற பதிவுக்கு "டெமோ" என்று பெயர். மாதிரிப் பதிவு என்று நாம் சொல்லலாம்.

"ஸ்டூடியோ இல்லையே?" என்பவர்களுக்கு

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று பெரியவங்க சொல்வாங்க. "நல்ல மைக் இல்லை, கீபோர்டு இல்லை, அதனால் பாட்டுப் போட முடியலை" என்பதும் அந்தக் கதைதான். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்பவர் அமெரிக்காவில் பெரிய பாடகர். 1982-ஆம் ஆண்டு தன் புதுப் பாட்டுகளை இசைக்குழுவுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக, நியூஜெர்சியில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து கேசட்டில் பாடிப் பதிவு செய்தார். பிறகு குழுவோடு ஸ்டூடியோவுக்குப் போய் அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். அந்தக் கேசட்டில் இருந்த உயிர் இதில் வரலை. கடைசியில் அந்த வீட்டுக் கேசட்டையே "நெப்ராஸ்கா" என்ற பெயரில் ஆல்பமாக வெளியிட்டுவிட்டார். மாதிரியே அசலாகி விட்டது!

இன்னொருத்தர் பில்லி ஐலிஷ். 2015-ஆம் ஆண்டு அவருடைய அண்ணன் எழுதிய ஒரு பாட்டை, லாஸ் ஏஞ்சல்ஸில் அவங்க வீட்டுப் படுக்கையறையிலேயே பாடிப் பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். நடன ஆசிரியர் ஆடுவதற்கு ஒரு பாட்டு கேட்டாராம், அதற்காகத்தான். அப்போ பில்லிக்கு வயசு 13. என்னைவிட ஒன்று குறைவு! 2019-இல் வந்த அவருடைய முதல் முழு ஆல்பமும் பெரும்பாலும் அதே வீட்டு அறையில் உருவானதுதான். 2020-ஆம் ஆண்டு கிராமி விழாவில் அவருக்கு 5 விருதுகள் கிடைத்தன.

நம்ம ஏ.ஆர்.ரகுமானும் சென்னையில் தன் வீட்டுப் பின்புறத்தில் பதிவுக்கூடம் அமைத்துத்தான் வேலை செய்தார். 1992-இல் வந்த "ரோஜா" பாட்டுகள் அங்கே உருவானவை. அவரிடம் நல்ல கருவிகள் இருந்தது உண்மைதான், நம்மிடம் அது இல்லை. ஆனால் இந்த மூன்று பேரிடமும் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கருவியை இல்லை. மெட்டு வந்த இடத்திலேயே அதைப் பிடிச்சு வைக்கிற பழக்கத்தைத்தான்.

எப்படிப் பதிவு செய்வது?

நானும் என் தோழிகளும் வீட்டில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. செல்போனில் "வாய்ஸ் ரெக்கார்டர்" இருக்கும். பதிவு தொடங்கும் முன் ஃபிளைட் மோடு போட்டுவிடுங்க. இல்லாவிட்டால் சரணத்தின் நடுவில் மாமா போன் பண்ணுவார்.

2. ஃபேனை நிறுத்துங்க. நம்ம காதுக்குக் கேட்காத ஃபேன் சத்தம் போனுக்கு நன்றாகக் கேட்கும். நம்ம ஊரில் நல்ல நேரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. விடியற்காலை என்றால் சேவல் கூடப் பாடும். கரண்ட் போகிற நேரமும் நல்ல நேரம்தான். எல்லார் வீட்டு டிவியும் நின்றிருக்கும்!

3. வெறும் சுவர் உள்ள காலி அறையில் பாடினால் கிணற்றுக்குள் பாடுவது மாதிரி கேட்கும். ஒலிப் பாடத்தில் எதிர்முழக்கம் என்று படித்தோமே, அதுதான் காரணம். துணி, பாய், தலையணை இருக்கிற அறை நல்லது. கொடியில் அம்மாவின் சேலையை இரண்டாக மடித்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து பாடினால் எவ்வளவோ தெளிவாக இருக்கும்.

4. போனைக் கையில் பிடிக்காமல், மடிச்ச துண்டின் மேல் வையுங்க. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் "ப", "பு" என்று வருகிற இடமெல்லாம் காற்று மோதி டப் டப் என்று கேட்கும்.

5. முதலில் சரணத்தில் இருக்கிற உச்சமான இடத்தைப் பாடிப் பாருங்க. அது தொண்டைக்கு எட்டினால்தான் அந்தச் சுருதியில் பல்லவியைத் தொடங்கலாம். பல்லவியை உயரத்தில் தொடங்கிவிட்டு சரணத்தில் கத்துவதுதான் பல பேருக்கு நடப்பது.

6. தாளத்துக்கு மிருதங்கம் வேண்டாம். தொடையில் தட்டலாம், தீப்பெட்டியைக் குலுக்கலாம், தண்ணீர்க் குடத்தில் தட்டலாம். குடத்தை மட்டும் போனுக்குத் தள்ளி வையுங்க. இல்லையென்றால் குடம்தான் பாடும், நாம் பாட மாட்டோம்.

7. வார்த்தை வரலைன்னா நிறுத்தாதீங்க. "தானே தன்னானே" என்று போட்டுப் பாடி வையுங்க. சினிமாவிலேயே இசையமைப்பாளர் முதலில் தத்தகாரமாகத்தான் மெட்டைப் பாடிக் கொடுப்பாங்க, கவிஞர் பிறகுதான் எழுதுவார். மெட்டைப் பிடித்தாச்சு என்றால் வார்த்தை எங்கே போயிடும்?

8. பாடுவதற்கு முன்பு பெயர், தேதி, பாட்டின் முதல் வார்த்தை மூன்றையும் சொல்லுங்க. போன் தானாகப் போடுகிற நம்பர் பெயரை மாற்றி, பாட்டின் பெயரைப் போட்டுச் சேமியுங்க. ஒரு மாதம் கழிச்சுத் தேடும்போது இதன் அருமை தெரியும். 3 நிமிடப் பாட்டு எம்பி3-ஆக இருந்தால் சுமார் 3 எம்பி இடம்தான் பிடிக்கும். மெமரி கார்டிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்க.

9. பதிவு செய்த உடனே அழிக்காதீங்க! தன் குரலைத் தானே முதலில் கேட்கும்போது யாருக்கும் பிடிக்காது. பேசும்போது நம்ம குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால் கனமாகக் கேட்குது. போனில் காற்று வழியாக வருவது மட்டும் கேட்பதால் மெல்லிசாகத் தெரியுது. குரல் மோசம் என்று அர்த்தம் இல்லை. மறுநாள் கேளுங்க. எங்கே இழுக்குது, எங்கே வார்த்தை மெட்டில் உட்காரலை என்று தெளிவாகத் தெரியும். எழுதியதைத் திருத்துற மாதிரி பாட்டையும் திருத்தலாம் என்பது அப்போதுதான் புரியும்.

"பொம்பளப் புள்ளைக்கு இது தேவையா?"

இந்தக் கேள்வியைப் பெண் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் கேட்டிருப்போம். பையன் பதிவு பண்ணினால் "திறமை" என்பார்கள். நாம் பண்ணினால் "போனில் என்ன வேலை?" என்பார்கள்.

பெரியவங்க பயப்படுவதிலும் நியாயம் இருக்கு. குரலும் போட்டோவும் தப்பான கைக்குப் போகக் கூடாது. ஆனால் பதிவு செய்வது வேறு, பரப்புவது வேறு. நோட்டில் கவிதை எழுதினால் அதை ஊருக்கே கொடுத்ததாக அர்த்தமா? அதே மாதிரிதான். பதிவை வீட்டுப் போனிலேயே வைத்துக்கொள்வோம். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் யாருக்கும் அனுப்ப மாட்டோம் என்று நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். எங்க அப்பத்தா நடவு வயலில் பாடினால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். அதை யாராவது வேண்டாம் என்றார்களா? தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி என்று எவ்வளவோ பாட்டுகளைக் கட்டியது பெண்கள்தான். பள்ளிக்கூடம் போகாதவங்களும் கட்டினாங்க. ஆனால் இன்று புத்தகத்தில் அந்தப் பாட்டுகளுக்குக் கீழே என்ன போட்டிருக்கு? "நாட்டுப்புறப் பாடல்" என்று மட்டும் போட்டிருக்கு. கட்டியவள் பெயர் இல்லை. அவள் பாடும்போது யாரும் பதிவு பண்ணலை, அதனால் இல்லை.

நம்ம சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி கருப்பாயி அவர்கள் வானொலியில் பாடினார். 1985-இல் வந்த "ஆண்பாவம்" படத்திலும் பாடி நடித்தார். அதனால்தான் அவர் பெயரும் குரலும் இன்றும் இருக்கு. அவர் மாதிரியே வயலில் பாடிய மற்றவர்கள் எத்தனை பேர்? அவர்கள் குரல் எங்கே? எங்க அப்பத்தாவுக்கு இப்போ மூச்சு இரைக்குது. முன்பு முழுதாகப் பாடிய பாட்டை இப்போ நாலு வரியில் நிறுத்திவிடுகிறது. அதனால் நம்ம பாட்டை மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிற பாட்டி, அம்மாச்சி, அப்பத்தா பாட்டையும் பதிவு செய்யுங்க. அதையும் அவர்கள் பெயரைச் சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்யுங்க. நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளாதீங்க.

சட்டமும் நம்ம பக்கம் இருக்கு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு வரி ஒரு படைப்பு, மெட்டு ஒரு படைப்பு, ஒலிப்பதிவு இன்னொரு படைப்பு. சொந்தமாகக் கட்டிய பாட்டுக்கு உரிமை உண்டாக்கியவருக்கே. அதற்குக் கட்டாயம் பதிவாளரிடம் போய்ப் பதிய வேண்டும் என்று கூட இல்லை. படித்தவர், படிக்காதவர், சின்னப் பிள்ளை என்ற வித்தியாசமும் இல்லை. ஆனால் "இது என் மெட்டு" என்று சொல்ல நம்மிடம் தேதியோடு ஒரு பதிவாவது இருக்க வேண்டாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளிக்குச் செல்போன் கொண்டு வரக் கூடாது என்பது சரியான விதி. அதை மாற்றச் சொல்லலை. ஆனால் நம்ம கணினி அறையில் "ஆடாசிட்டி" என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுக்கலாம். அது இலவசம். ஒருமுறை போட்டுவிட்டால் இணையமும் தேவையில்லை. அதில் ஒரு குரலைப் பதிவு செய்து, அதன் மேலேயே தாளத்தையும் இன்னொரு குரலையும் சேர்க்கலாம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையை இதற்குக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடுகிறோம். அது வேண்டாம் என்று சொல்லலை, எனக்கும் ஆடப் பிடிக்கும். ஆனால் பத்துப் பாட்டில் ஒரே ஒரு பாட்டு நம்ம பள்ளிப் பிள்ளை எழுதி, மெட்டுப் போட்டு, பாடியதாக இருக்கட்டும். ஒலிபெருக்கியில் கொஞ்சம் கரகரன்னுதான் கேட்கும். பின்னால் ஒரு ஆடு கத்துவதும் கேட்கலாம். பரவாயில்லை! பாட்டு முடிஞ்சதும் எழுதியவர் பெயரை மைக்கில் சொல்லுங்க. அதைக் கேட்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளை அன்று ராத்திரியே ஒரு பாட்டுக் கட்டும்.

மாணவ மாணவியரே! நீங்க பெரிய பாடகர் ஆவீங்களா, இசையமைப்பாளர் ஆவீங்களா என்பது பிறகு. இந்த வாரம் மனசில் ஓடுகிற மெட்டு ஒன்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைப் பதிவு செய்துவிடுங்க. பல்லவி மட்டும் இருந்தாலும் போதும்.

நோட்டில் வரி இருக்கட்டும். போனில் மெட்டு இருக்கட்டும். இரண்டுக்கும் கீழே நம்ம பெயர் இருக்கட்டும்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி