லிஃப்ட் கிட் கடைசியில்

பழைய பிக்கப்பைக் காட்டுப் பாதைக்குத் தயார்செய்ய முதல் செலவு லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும்தான், பராமரிப்பு பிறகு என்று வாதிடுகிறார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் கணக்கு உதைக்கிறது.

1980களின் தொடக்கத்து டொயோட்டா ஹைலக்ஸ் 4x4-ஐ எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். லிஃப்ட் கிட் பாடியைத் தூக்கும். மேட்டில் மூக்கு இடிபடாது, ஒப்புக்கொள்கிறேன். டிஃபரன்ஷியலோ இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முட்டுவது அதுதானே! அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 29 அங்குல டயரை 33 ஆக்கினால் கிடைப்பது 2 அங்குலம். அதற்கு விலை? ஏற்றத்தில் இன்ஜின் திணறும், கிளட்ச் தேயும், பிரேக்குக்குச் சுமை கூடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 68இல் போகும்.

பராமரிப்பைத் தள்ளிப்போடுவது இதைவிட மோசம். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடையில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் ப்ரீதர் அடைத்திருந்தால், தேய்ந்த ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். அடி போல்ட்டைக் கழற்றினால் ஆயில் பால் காப்பி நிறத்தில் வரும். பேரிங்கின் ஆயுள் அதோடு சரி. இதைத் தடுக்கப் புதிய சீலும், ப்ரீதரை மேலே ஏற்றிக் கட்ட ஒரு ரப்பர் குழாயும் போதும்.

மாற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், சீல், யு-ஜாயின்ட். அடுத்து, மணலில் ஓட்டக் குறைத்த டயர் காற்றைத் திரும்ப நிரப்ப ஒரு கம்ப்ரெஸர். மிச்சப் பணமிருந்தால் உயரத்தைப் பற்றி யோசியுங்கள்.