காத்திருப்பவள் மட்டுந்தானா பெண்?

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த தமிழனைப் பற்றி நம் மேடைகளில் பேசாத பேச்சில்லை. அவன் மஞ்சள் பையோடு ரயிலேறிய கதை, தோல் கிடங்கில் நாற்றத்தோடு நாற்றமாய் நின்ற கதை, மில் வாசலில் வேலைக்குக் காத்துக் கிடந்த கதை எல்லாம் நமக்கு மனப்பாடம். அவனோடு வந்த தமிழச்சியின் கதை எங்கே?

நம்மவர் நாடகங்களிலும் ஆண்டு மலர்ச் சிறுகதைகளிலும் அவளுக்கு இரண்டே வேடங்கள். ஒன்று, ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து தபால்காரனை எதிர்பார்க்கும் மனைவி. மற்றொன்று, பட்டணத்துக்கு வந்து ‘கெட்டுப்போன’ பெண். விடியுமுன் எழுந்து விற்பனைக்கு இட்லி அவித்து, பிறகு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, ரேஷன் வரிசையிலும் நின்று குடும்பத்தைத் தாங்குகிறாளே, அவள் எந்தக் கதையில் வருகிறாள்? தாராவியில் சந்துக்குச் சந்து இருக்கும் அவள், கதையில் மட்டும் இல்லாமற் போனது ஏன்?

இதன் வேர் ஆழமானது.

அகநானூற்றில் 400 பாடல்கள். அவற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலைத்திணை. பாலை என்றால் பிரிவு. பொருள் தேடிக் காடும் மலையும் கடந்து போகிறவன் தலைவன்; வீட்டில் நாளெண்ணி இளைப்பவள் தலைவி. அவளும் அந்தக் காட்டு வழியில் நடப்பதுண்டு. ஆனால் காதலனோடு உடன்போக்காக மட்டுமே. தன் பிழைப்புக்காக அல்ல. கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் விதியே சொல்லிவிட்டது. அந்தப் பாடல்களின் அழகை நாம் குறைத்துப் பேசவில்லை. ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பெண்கள்தாம். அவர்கள் பாட்டுக்கு நிகர் ஏது? நாம் சொல்வது, போவது ஆண், இருப்பது பெண் என்ற பங்கீடு அன்றே எழுதப்பட்டுவிட்டது என்பதைத்தான்.

சிலப்பதிகாரத்துக் கண்ணகி புகாரிலிருந்து மதுரை வரை நடந்தவள். அரசனிடமே நீதி கேட்டவள். ஆயினும் அவளைக் ‘கற்புக்கரசி’ என்றுதான் மேடைதோறும் முழங்குகிறோம். ‘நீதி கேட்டவள்’ என்று முழங்குகிறவர் எத்தனை பேர்? 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவளுக்குச் சிலை வைத்தார்கள். 2001-இல் எடுத்தபோது கொதித்தோம், 2006-இல் திரும்ப வைத்தபோது மகிழ்ந்தோம். நல்லது. ஆனால் மணிமேகலையை யார் பேசுகிறார்கள்? அவள் தனியாகக் கடல் கடந்து மணிபல்லவம் கண்டவள். வஞ்சியும் காஞ்சியும் சென்றவள். பசித்தவர்க்கெல்லாம் சோறு போட்டவள். சிறைக்கூடத்தை அறக்கூடமாக மாற்றக் கேட்டுப் பெற்றவள். ஊர் ஊராகப் போய் வேலை செய்த ஒரு பெண் நம் காப்பியத்திலேயே இருக்கிறாள். அவள் நம் நாவுக்கு வருவதில்லை.

கப்பலேறிய பெண்கள்

இலக்கணம் எதைச் சொன்னாலும் வெள்ளைக்காரனின் தோட்டத்துக்குப் பெண் கூலி தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜித் தீவுக்குக் கப்பலேற்றியபோது 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1903 முதல் தமிழ்ப் பெண்களும் அந்தக் கப்பல்களில் போனார்கள். இலங்கையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்கள் பெரும்பாலும் நம் பெண்களுடையவை. இருப்பவள் என்று ஏட்டில் எழுதப்பட்டவள் கடல் தாண்டிப் போய் ஒரு பெருந்தொழிலையே தன் கூடையில் சுமந்தாள்.

இந்தப் பெண்களுக்காக முதலில் கண்ணீர் விட்ட பெருங்கவி பாரதி. ஃபிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை அவர் பாடினார். 1930களில் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியை எழுதினார். அவருடைய ‘பொன்னகர’த்து அம்மாளு மில்லில் வேலை செய்கிறவள். புருஷன் வண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்காக அவள் இருட்டுச் சந்துக்குள் போகிறாள். வயிறு நிறைந்தவர்களின் கற்புப் பேச்சை அந்தக் கதை கிழித்து எறிந்தது. அது பெரிய காரியம்.

ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அம்மாளுவின் அந்த இரவு நமக்குத் தெரியும். மில்லில் அவள் நின்ற பகல் தெரியுமா? எந்த இயந்திரத்தில் நின்றாள், என்ன கூலி வாங்கினாள், பக்கத்தில் நின்றவளோடு என்ன பேசினாள்? பெண்ணுக்கு இரங்கி எழுதும்போதுகூட, அவள் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதே கதையாகிறது. அவள் கை என்ன செய்தது என்பது கதையாவதில்லை.

இதனால் நமக்கென்ன?

“கூலி, வீடு, ரேஷன் என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது சங்கத்துக்குக் கதை ஆராய்ச்சி எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கலாம். கதை ஏட்டோடு நிற்பதில்லை என்பதுதான் நம் பதில்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் 1981 முதல், ஊர் மாறி வந்த காரணத்தையும் கேட்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலும் பெண்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் திருமணத்துக்குத்தான். கல்யாணமாகி வந்தாள் என்பது உண்மை. வந்த மறுமாதமே வேலைக்குப் போனாளே, அதை எழுத அங்கே கட்டம் ஏது? ரயில்வேயில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு இது தெரியும்: கட்டம் இல்லாத விஷயம், நடக்காத விஷயம். கணக்கிலும் இல்லை, கதையிலும் இல்லை என்றால், குடிசைக்கு மாற்று வீடு கேட்கும்போதும் வேலைக்குக் கூலி உயர்வு கேட்கும்போதும் அவள் பெயர் எங்கிருந்து வரும்?

இன்னொன்று இதைவிடக் கொடியது. இங்கே பிறந்து, மராத்தியும் இந்தியும் தமிழும் பேசி, மின்சார ரயிலில் தனியே பள்ளிக்குப் போய்வரும் நம் பெண் பிள்ளைகளை ஊரில் எப்படிப் பார்க்கிறார்கள்? “பம்பாயில் வளர்ந்தவளா?” என்று இழுத்துக் கேட்கிறார்களே, அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது? பட்டணம் வந்தவள் கெட்டாள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கதையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தது. அந்தப் பேச்சுக்குப் பயந்து, எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பி அவசரமாகத் தாலி கட்டி வைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு பொய்க் கதைக்கு நம் பிள்ளையின் படிப்பைக் காவு கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

எழுதியவர்கள் இருக்கிறார்கள்

வேறு விதமாக எழுத முடியாதா? எழுதியிருக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்தை நேரில் கண்டு 1979-இல் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அதில் பொன்னாச்சி உப்பளத்தில் உழைக்கும் பெண்; வெயிலும் உப்பும் கூலியும் எல்லாம் கதைக்குள் இருக்கின்றன. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. 1994-இல் வந்த ‘சங்கதி’யில் சேரிப் பெண்கள் வயலில் உழைக்கிறார்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கவும் செய்கிறார்கள். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற அம்பை, இதே மும்பையில் நெடுங்காலமாக வாழ்பவர். ‘பயணம்’ என்ற தலைப்பிலேயே பல கதைகள் எழுதியவர். அவற்றில் பெண் ரயிலேறுகிறாள், ஊர் சுற்றுகிறாள், மனிதர்களைப் பார்க்கிறாள். வானம் இடிந்து விழவில்லை.

கவனியுங்கள், இம்மூவரும் பெண்கள். இது தற்செயலா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. சங்க வாசகசாலை அலமாரியில் இந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும். அதன் சாவி ஆண்கள் கையில் மட்டும் இருக்கக்கூடாது. ஆண்டு விழா நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தாய்மார்கள் இருவராவது உட்கார வேண்டும். நம் பெண் பிள்ளைகள் தங்கள் அம்மாவின் ஒரு நாள் வேலையை, எழுந்த நேரம் முதல் படுத்த நேரம் வரை, எழுதித் தர வேண்டும். இந்த ஏடு அவற்றை அச்சிட வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.

அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று ஒரு மகள் எழுதத் தொடங்கினால், அவளை யாரும் திண்ணையில் உட்காரவைத்துவிட முடியாது.