பெட்டிக்குள் நம் ஆட்கள் எங்கே?

ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறோம். கை கால் கழுவி, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுச் சற்றே சாயலாம் என்றால் உள்ளே தொலைக்காட்சிப் பெட்டி அலறுகிறது. அதற்குள் ஒரு பெரிய பங்களா. அந்தப் பங்களாவில் பட்டுப்புடவையும் நகையுமாகவே தூங்கி எழுந்திருக்கும் மாமியார், மருமகள். அவர்கள் வீட்டு ஆண்களெல்லாம் “கம்பெனி” நடத்துகிறார்கள். அது என்ன கம்பெனி, அதில் என்ன உற்பத்தியாகிறது, உற்பத்தி செய்கிறவன் யார், அவனுக்கு என்ன கூலி என்பது ஆயிரம் நாள் தொடர் ஓடினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

இதைப் பற்றி நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். “குறை சொல்வது இருக்கட்டும், எதைத்தான் பார்ப்பது, அதைச் சொல்லுங்கள்” என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பகலெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்த பெண் அரைமணி நேரம் அந்தப் பங்களாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவளைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. வேறு ஒன்றைக் கொண்டுவந்து காட்டாமல் குற்றம் மட்டும் சொல்கிறவன் வீட்டிலும் சோறு இறங்காது, சங்கத்திலும் ஆள் சேராது.

ஆகவே, தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட சில நாடகங்களை இங்கே சொல்கிறோம். எல்லாம் பழையவை. நம் ஊரில் அதிகம் பேர் கேள்விப்படாதவை. ஆனால் நம்மைப் பற்றியவை.

முதலில் மேற்கு ஜெர்மனி. 1972-ஆம் ஆண்டில் கொலோன் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்துக்காக ரைனர் வெர்னர் பாஸ்பிண்டர் என்ற இளம் டைரக்டர் ஒரு குடும்பத் தொடர் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 27. குடும்பத் தொடர் என்றால் அங்கும் வசதியான வீட்டின் வரவேற்பறைதான் வழக்கம். பாஸ்பிண்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு கருவி செய்யும் பட்டறைக்குள் போய்விட்டார். தொடரின் பெயர் ‘எட்டு மணி நேரம் ஒரு நாளாகாது’.

யோகன் என்ற பட்டறைத் தொழிலாளி, அவன் காதலி மரியோன், அவனுடைய பாட்டி, சக தொழிலாளிகள் ஆகியோரைச் சுற்றிக் கதை நடக்கிறது. குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு வேலையை முடித்தால் போனஸ் உண்டு என்கிறது நிர்வாகம். வேலையைச் சுலபமாக்க யோகன் மூளையைக் கசக்கி ஒரு புது ஏற்பாடு கண்டுபிடிக்கிறான். உடனே நிர்வாகம் என்ன செய்கிறது? “வேலைதான் சுலபமாகிவிட்டதே, போனஸ் எதற்கு?” என்று வெட்டிவிடுகிறது! நம் பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது மெஷின் வந்தால் லோடு கூடும், ஆள் குறையும், மிச்சமெல்லாம் முதலாளி பெட்டிக்குப் போகும். இந்தக் கணக்கை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ஆனால் யோகனும் கூட்டாளிகளும் சும்மா இருந்துவிடவில்லை. அவர்கள் எதிர்த்து நிற்கும் விதத்தை நாடகத்திலேயே பாருங்கள்.

இந்தத் தொடரில் நம் மனத்தைப் பறித்தவள் பாட்டிதான். இரண்டாம் பகுதியில் அவளும் அவள் சிநேகிதரான ஒரு கிழவரும் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். அலைந்த இடத்தில் மூடிக் கிடக்கும் ஒரு நூலகக் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் தெருவில் கிடக்கின்றன. கட்டடமோ காலியாகக் கிடக்கிறது. லைசென்ஸும் இல்லை, அனுமதியும் இல்லை, பாட்டி அங்கே ஒரு குழந்தைப் பள்ளியைத் திறந்துவிடுகிறாள்! அதிகாரிகள் வந்து மூடுகிறார்கள். தாய்மார்கள் பிள்ளைகளோடு கிளம்பிவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்க்கலாம், ஆனால் சிரிப்புக்கு நடுவே ஒன்று உறைக்கும். தோட்டத்து வேலைக்குப் போகிறவள் வரப்பு மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகும் நிலைமையும் இதுவும் வேறா?

இன்னொரு பகுதியில் தங்களில் ஒருவனையே போர்மேனாக்க வேண்டும் என்று தொழிலாளிகள் கேட்க, நிர்வாகம் வெளியாளைக் கொண்டுவருகிறது. கடைசிப் பகுதியில் வேலையைத் தாங்களே திட்டமிட்டுப் பிரித்துக்கொள்ளும் உரிமையை அவர்கள் பெறுகிறார்கள். பெற்றதும், மிச்சமாகும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று அவர்களுக்குள்ளேயே சச்சரவு வருகிறது. இதை மறைக்காமல் காட்டியிருப்பதைப் பாராட்ட வேண்டும். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியும் அந்தப் பட்டறையில் இருக்கிறான். அவனை “வெளியூர்க்காரன்” என்று இளக்காரமாகப் பேசுகிறவனும் இருக்கிறான். இன்று பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து நம்மோடு நிற்கும் தொழிலாளிகளை நம் ஆட்களே எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

ஒரு குறை சொல்லாமல் விடமாட்டோம். ஐந்து பகுதி பார்த்தாலும் சங்கம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு பட்டறைத் தொழிலாளியின் கதையில் யூனியன் இல்லாமல் போவது எப்படி? அன்று ஜெர்மன் தொழிற்சங்கங்களின் பக்கத்திலிருந்தே இந்தக் கேள்வி எழுந்தது. வலதுசாரிகளுக்கோ தொழிலாளி இவ்வளவு பேசுவதே பிடிக்கவில்லை. எட்டுப் பகுதிகளாகத் திட்டமிட்ட தொடரை நிலையம் ஐந்தோடு நிறுத்திவிட்டது. அப்புறம் நெடுங்காலம் அது மறக்கப்பட்டுக் கிடந்தது. 2017-இல் பழுது நீக்கிப் பெர்லின் திரைவிழாவில் திரும்பக் காட்டினார்கள்.

அடுத்து பிரிட்டன். அங்கே 1960, 70-களில் பொது ஒலிபரப்பு ஸ்தாபனமான பி.பி.சி.யிலேயே உழைப்பாளி மக்களின் கதை நுழைந்தது. கென் லோச் என்ற டைரக்டரின் பெயரைத் தோழர்கள் சிலர் அறிந்திருக்கலாம். அவருடைய சினிமாப் படங்களைவிடக் குறைவாகப் பேசப்படுவது 1977-இல் வந்த ‘நிலக்கரியின் விலை’. எழுதியவர் பாரி ஹைன்ஸ், யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன்.

இரண்டே பகுதிகள். முதல் பகுதி முழுக்கச் சிரிப்பு. சுரங்கத்தைப் பார்வையிட இளவரசர் சார்லஸ் வருகிறாராம். (இப்போது மன்னராக இருக்கிறாரே, அவர்தான்.) சுரங்கமே அல்லோலகல்லோலப்படுகிறது. சுவருக்கு வெள்ளை, கதவுக்குப் பெயிண்டு, கரி படிந்த மண்ணுக்குப் புல். இளவரசருக்கு அவசரமென்றால் என்ன செய்வது என்று அவருக்கென்றே ஒரு கழிப்பிடமும்! நம் ஊரில் மந்திரி வருகிறார் என்றால் சாலையோரம் பிளீச்சிங் பவுடர் கோடு போடுகிறார்களே, அதே கூத்துதான். தொழிலாளிகள் பேசும் கிண்டல் அசலானது. நடித்தவர்களில் பலர் அந்தப் பகுதித் தொழிலாளர் கிளப்புகளில் ஹாஸ்யம் பேசிப் பிழைத்தவர்கள்.

இரண்டாம் பகுதியில் சிரிப்பு நின்றுவிடுகிறது. இளவரசர் வந்துபோய்ச் சில வாரங்களில் பூமிக்கடியில் வெடிவிபத்து. சிலர் மாண்டுபோகிறார்கள், சிலர் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மேலே பெண்டுபிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள். வெள்ளையடிக்கப் பணம் இருந்தது, நேரம் இருந்தது, ஆள் இருந்தது. பாதுகாப்புக்கு? இந்தக் கேள்வியை யாரும் மேடை ஏறிக் கேட்பதில்லை. முதல் பகுதியைப் பார்த்த நாமே கேட்டுக்கொள்கிறோம். இத்தனைக்கும் அவை 1947-இலேயே தேசியமயமான சுரங்கங்கள். முதலாளி பெயர் மாறினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நாம் கண்டதில்லை. சிவகாசிப் பக்கத்துத் தோழர்கள் இதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள் என்று எண்ணினோம்.

அதே லோச், ஜிம் ஆலன் எழுத்தில் 1975-இல் எடுத்தது ‘நம்பிக்கையின் நாட்கள்’. ஆலன் சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் உழைத்தவர். 1916 யுத்தகாலத்தில் தொடங்கி 1926 பொது வேலைநிறுத்தத்தில் முடியும் நான்கு பகுதிகள். ஒரே குடும்பத்து மூன்று பேர் வழியாக அந்தப் பத்து வருஷங்கள் ஓடுகின்றன. யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்றவன் பிற்பாடு தொழிலாளர் கட்சிப் பார்லிமெண்ட் அங்கத்தினராகிறான். ஆசையோடு பட்டாளத்தில் சேர்ந்தவனோ அதைவிட்டு ஓடி, சிறை சென்று, கம்யூனிஸ்டாகிறான். 1924-இல் தொழிலாளர் கட்சி சர்க்கார் அமைக்கிறது. வேலைநிறுத்தத்தை உடைக்க முந்தைய சர்க்கார் போட்டுவைத்த திட்டத்தைக் கிழித்துப் போடாமல் பத்திரமாகப் பூட்டி வைக்கிறது! 1926 மே மாதம் ஒன்பதே நாளில் பொது வேலைநிறுத்தத்தைத் தலைவர்கள் கைவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளிகள் மட்டும் தன்னந்தனியாக மாதக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளையும் ஆலன் விட்டுவைக்கவில்லை. கட்சியோடு அவருக்கு இருந்த சண்டை கதையில் தெரிகிறது. அந்த இடங்களில் நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். பார்த்துவிட்டு வாதாடுவோம். பார்க்காமல் இருப்பது வாதமாகாது.

இதே மனவருத்தத்தோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1970-இல் லீட்ஸ் நகரத்துத் தையல் ஆலைகளில் யூனியன் தலைமை தொழிலாளிகளைக் கேட்காமலே ஒரு கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கணக்கு. பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். மணிக்கு ஒரு ஷில்லிங் உயர்வு வேண்டும் என்று ஆலை ஆலையாகப் போய்ச் சக பெண்களைத் தெருவுக்கு அழைத்தார்கள். இதைத்தான் கோலின் வெல்லண்ட் எழுதி 1974-இல் ‘லீட்ஸ் யுனைடெட்!’ என்ற நாடகமாக வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். தெரு நிறையப் பெண்கள் நடந்துவரும் காட்சிகளைத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிச் சகோதரிகள் கட்டாயம் காணவேண்டும். யூனியன் தலைவர்கள்மேல் இதில் விழும் அடி நம் முதுகிலும் விழுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கடைசி மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் நாம் கேட்டோமா? கேட்ட இடமும் உண்டு, கேட்காத இடமும் உண்டு.

கிராமத்துத் தோழர்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் கதை இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அங்கே நிலப்பிரபுக்கள், தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைத்த குடிகளைக் குடிசையோடு கொளுத்தித் துரத்தினார்கள். எதற்கு? செவியட் என்ற ஜாதி ஆட்டை மேய்த்தால் குத்தகையைவிட லாபம் அதிகம். ஆட்டுக்குப் பின்னால் பணக்காரர் வேட்டையாடக் கலைமான் வந்தது. 1970-களில் கடலில் எண்ணெய் வந்தது. வந்தவனெல்லாம் கொண்டுபோனான், மண்ணின் மக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதை ஜான் மெக்ராத் என்பவர் ‘செவியட் ஆடு, கலைமான், கறுப்புக் கறுப்பு எண்ணெய்’ என்ற நாடகமாக்கி, 1973-இல் தம் குழுவோடு கிராமம் கிராமமாகப் போனார். குழுவின் பெயர் 7:84. நாட்டின் சொத்தில் 84 சதவீதம் 7 சதவீதம் பேரிடம் இருந்தது என்ற கணக்கையே பெயராக வைத்துக்கொண்டார்கள்!

1974-இல் பி.பி.சி. இதைக் காட்டியது. கிராமக் கூடத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ராட்சசப் புத்தகம். பக்கத்தைத் திருப்பினால் காட்சி எழுந்து நிற்கிறது. பாட்டு, பகடி, திடீரென்று அழுகை. நம் தெருக்கூத்தைப் போலவே பார்வையாளரோடு நேராகப் பேச்சு. துரத்த வந்தவர்களை எதிர்த்து முன்னால் நின்றவர்கள் பெண்கள். நடுநடுவே அந்நாளைய எண்ணெய்த் தொழிலாளிகளே கேமரா முன் பேசுகிறார்கள். குத்தகைச் சீட்டு இல்லாமல் நிலத்தைவிட்டு இறக்கப்பட்ட ஒருவர் நம் ஊரில் இதைப் பார்த்தால், பாஷை புரியாவிட்டாலும் கதை புரியும்.

நம் நாட்டுச் சரக்கு ஒன்று சொல்லாமல் முடிக்கக்கூடாது. ‘தமஸ்’. பீஷ்ம சாஹ்னியின் நாவலை வைத்துக் கோவிந்த் நிஹலானி எடுத்து 1988-இல் தூர்தர்ஷன் காட்டியது. வடக்கே பெரும் பரபரப்பாக இருந்த தொடர். இந்தித் தொடராகையால் நம் இளைஞர் பலருக்குப் பெயரே தெரியாது. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில், நாது என்ற தோல் தொழிலாளியிடம் ஐந்து ரூபாயைக் கொடுத்து ஒரு பன்றியைக் கொன்றுதரச் சொல்கிறார்கள். எதற்கென்று அவனுக்குத் தெரியாது. காலையில் பன்றி மசூதிப் படியில் கிடக்கிறது. அப்புறம் ஊர் எரிகிறது. கலவரத்தை மூட்டியவர்கள் பிற்பாடு சமாதானக் கமிட்டியிலும் உட்காருகிறார்கள். தேவதத்தன் என்ற கம்யூனிஸ்டுத் தோழன் இரு பக்கத்துத் தலைவர்களையும் ஓரிடத்தில் உட்காரவைக்க அலையும் அலைச்சலைப் பார்க்கும்போது நம் கண் கலங்கியது. தொடரைத் தடுக்கக் கோர்ட்டுக்குப் போனார்கள். மும்பை உயர்நீதிமன்ற நீதிபதிகள் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காட்டலாம் என்றார்கள். சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதிசெய்தது.

எப்படிப் பார்ப்பது? இவற்றில் பல வட்டத்தட்டுகளாக வந்திருக்கின்றன. இணையத்தில் தேடத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லாமலா இருக்கிறார்கள்? தமிழ் எழுத்தோடு நாம் பார்த்ததில்லை. அதனால் என்ன, ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க டீக்கடையில் நாற்பது பேர் கேட்டுத்தான் நம் இயக்கம் வளர்ந்தது. சங்க ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு திரையைக் கட்டி, ஆங்கிலமோ இந்தியோ தெரிந்த தோழர் ஒருவர் நடுநடுவே நிறுத்தி விளக்கினால் போதும். முதலில் ‘நிலக்கரியின் விலை’யைப் போடுங்கள், சிரிப்புக்காகவே கூட்டம் உட்காரும், ஆனால் இரண்டு பகுதியையும் ஒரே மாலையில் காட்டிவிட வேண்டும். ஜெர்மன் தொடரை ஐந்து வாரம் காட்டலாம், பாட்டி வரும் வாரத்துக்குப் பெண்களை அவசியம் அழைத்துவாருங்கள். ‘தமஸ்’ போடும் நாளில் மட்டும் சிறுபிள்ளைகளைக் கொஞ்சம் கழித்து உள்ளே விடுங்கள். அந்தப் பன்றியைக் கொல்ல நாது படும் பாடு ஆரம்பத்திலேயே நெடுநேரம் வருகிறது.