பத்துச் சட்டையும் நாற்பத்து மூன்று பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

காலை நடை முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் நாங்கள் நான்கைந்து ஓய்வூதியர்கள் உட்கார்ந்து பேசுவது வழக்கம். நேற்று பேச்சு மகளிர் உரிமைத் தொகையில் ஆரம்பித்து ரேஷன் அரிசி, முதியோர் பென்ஷன் என்று போனது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் கடைசியில் ஒரே போடாகப் போட்டார். "கண்டவனுக்கும் கொடுக்கிறதை நிறுத்தணும் சார். உண்மையான ஏழை யாருன்னு கண்டுபிடிச்சு அவனுக்கு மட்டும் கொடுக்கணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். பழக்கதோஷம், நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனது உறுத்த ஆரம்பித்தது. உண்மையான ஏழையைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

1991 என்று ஞாபகம். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் நான். வெளியூர்ப் புண்ணியவான் ஒருவர் தீபாவளிக்குப் பத்துச் சட்டை கொடுத்து அனுப்பியிருந்தார். என் வகுப்பில் 43 பிள்ளைகள். "ரொம்ப ஏழையாப் பார்த்துப் பத்துப் பேர் எழுதிக் கொடுங்க சார்" என்றார் தலைமையாசிரியர். அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வகுப்பில் நின்று, "யார் வீட்டில் கூரை ஒழுகுது, கை தூக்குங்க" என்று கேட்டேன். கேட்டேனே, அதைச் சொல்லவே இன்று கூச்சமாக இருக்கிறது. முதலில் கை தூக்கியவன் மளிகைக் கடைக்காரர் மகன். அவனுக்கு வெட்கம் கிடையாது, சட்டைதான் வேண்டும். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டை துவைத்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. வசதியான வீடு என்று நானே முடிவு செய்து தாண்டிப் போய்விட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு அவன் இரண்டு நாள் வரவில்லை என்று வீட்டுக்குப் போனேன். அவனிடம் இருந்ததே அந்த ஒரு சட்டைதான். அவன் அம்மா தினமும் ராத்திரி துவைத்துக் காயப்போட்டு, விடியற்காலையில் சொம்பில் நெருப்புத் துண்டு போட்டுத் தேய்த்து அனுப்பியிருக்கிறார். அந்தச் சட்டை கிழிந்துவிட்டது. அதுதான் வரவில்லை.

இத்தனைக்கும் நான் அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்த்தவன். அப்படியிருந்தும் ஒரே நாளில் இரண்டு தப்பு. வேண்டாதவனுக்குக் கொடுத்தேன், வேண்டியவனை விட்டேன். முதல் தப்பில் ஒரு சட்டை வீண். இரண்டாவது தப்பில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கப் பார்த்தது. இரண்டையும் ஒரே எடையில் நிறுத்த முடியுமா? நம் பெஞ்சுப் பேச்சில் முதல் தப்பைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். "கார் வச்சிருக்கவன் ரேஷன் வாங்குறான்." சரி, வாங்குகிறான். வாங்க முடியாமல் போனவள் டீக்கடைக்கு வந்து நம்மிடம் சொல்லப் போவதில்லை.

ரேஷனையே எடுத்துக்கொள்வோம். 1997-ல் மத்திய அரசு நாட்டு மக்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்து ரேஷனை மாற்றியது. தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்து எல்லாருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டது. வேண்டாதவர்கள் தாங்களே ஒதுங்க வழியும் இருக்கிறது. சர்க்கரை அட்டை இருக்கிறது, எந்தப் பொருளும் வேண்டாம் என்ற அட்டையும் இருக்கிறது. என்னுடையது சர்க்கரை அட்டை. யாரும் என் வீட்டில் வந்து கூரையைப் பார்க்கவில்லை. அரிசி கடத்தல் நடப்பது எனக்கும் தெரியும். கடத்துகிறவனைப் பிடிக்க வேண்டும். அதற்காக அட்டை வைத்திருப்பவளிடம் ஏழை என்று நிரூபி என்று கேட்பது என்ன நியாயம்?

மகளிர் உரிமைத் தொகை வேறு வழியில் போனது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது வந்த விண்ணப்பம் சுமார் 1.63 கோடி, தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் கீழ் மின்சாரம் என்று விதிகள். தாளில் படித்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம் இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. மூன்று அடுப்பு, ஒரே மின் இணைப்பு எண். யூனிட்டைக் கூட்டிப் பார்க்கும் கணினிக்கு அடுப்பு தெரியாது. மேல்முறையீட்டுக்கு வழி வைத்தார்கள், பிறகு சில விதிகளைத் தளர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் மேல்முறையீடு என்ற வார்த்தைக்கே பயப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்?

(அந்த ஆயிரம் ரூபாய் அப்படியே டாஸ்மாக்குக்குப் போகிறது என்றும் ஒருவர் சொன்னார். குடிக்கிறவன் அதற்கு முன்னும் குடித்தான். இதற்கும் சேர்த்து அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம்.)

இனி நம் கதைக்கு வருவோம். எனக்கும் பென்ஷன் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணல், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டினால் போதும். பிள்ளைகள் என்ன சம்பாதிக்கிறார்கள், வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறுகிறது. தாமதமானால் சங்கம் வைத்துக் குரல் கொடுக்கிறோம். உழைத்தோம், வாங்குகிறோம், அதில் தப்பில்லை. நடவு நட்டவளும் களை எடுத்தவளும் உழைக்கவில்லையா?

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-ல் ஆயிரம் ஆனது. அடுத்த உயர்வு 2023 ஆகஸ்டில், 1200. நடுவில் பன்னிரண்டு வருஷம். மத்திய அரசின் திட்டத்தில் எண்பது வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அவர்கள் தரும் பங்கு 2007 முதல் அதே 200 ரூபாய். அன்று எங்கள் கடையில் டீ மூன்று ரூபாய், இன்று பன்னிரண்டு. சீர்திருத்தம் என்றால் முதலில் இங்கே கை வையுங்கள் என்பேன். எங்களுக்கு உள்ளது போல விலைவாசியோடு சேர்ந்து அந்தத் தொகையும் தானாக ஏறட்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் முறையைத் திருப்பிப் போடலாம். வருமான வரி கட்டுபவர், அரசுச் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குபவர் பட்டியல் அரசிடமே இருக்கிறது. எங்களை நீக்கிவிட்டு மற்றவர்களைச் சேர்க்கட்டும். ஒருவரை நீக்கினால் ஏன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்துடையது. காரணத்தைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கட்டும். செலவு கூடும், மறுக்கவில்லை. கடன் இருக்கும் மாநிலத்தில் தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கூடப் பலருக்குக் கொடுப்பதா, கூட்டிச் சிலருக்குக் கொடுப்பதா என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களோடு சண்டையில்லை.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பையன் இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு. முடிந்தபோது அம்மாவுக்கு ஐந்நூறு அனுப்புவான். அந்த அம்மா முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டு, "மகன் ஆதரவில் உள்ளார்" என்று திரும்பி வந்துவிட்டது. போன மாதம் சந்தையில் பார்த்தபோது, "அவன் பேரைச் சொன்னது தப்பாயிடுச்சு வாத்தியாரய்யா. புள்ளை இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க, எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு அவரைக் கூட்டிப் போகிறேன். மனுவை நானே எழுதி வைத்திருக்கிறேன். மகன் இருக்கிறான் என்பதை மறைக்காமல்தான் எழுதியிருக்கிறேன்.